சிறிய கராஜுக்கு டயர் அழுத்த சென்சர் கருவி: எதை வாங்குவது?

இரண்டு லிஃப்ட் (ஸ்கார்பரோ), அக்டோபர் 4

எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் ஸ்கார்பரோவில் மூன்று ஆண்டுகளாகச் சிறிய கராஜ் ஒன்று நடத்துகிறேன். வண்டி தூக்கும் லிஃப்ட் இரண்டு, நானும் ஓர் உதவியாளரும், அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் பிரேக், ஆயில், சஸ்பென்ஷன் வேலைகள். ஆனால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை பனிக்கால டயர் மாற்றும் வேலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

இதுவரை டயர் அழுத்த விளக்கு (டயரில் காற்று குறைந்தால், சக்கரத்துக்குள் வால்வுக்குப் பின்னால் இருக்கும் சென்சர் சொல்லி டாஷ்போர்டில் எரிவது) தொடர்பான வேலை வந்தால் பக்கத்து டயர் கடைக்கு அனுப்பிவிடுவேன். போன நவம்பரில் நடந்த ஒரு சம்பவம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது. ஒருவர் 2014 கொரோலா கொண்டுவந்தார். அதே ரிம்மில் பனிக்கால டயரைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை திரும்பி வந்தார். விளக்கு சிமிட்டுகிறது, நீங்கள்தான் சென்சரை உடைத்துவிட்டீர்கள் என்றார். உடைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வண்டி உள்ளே வரும்போது விளக்கு எரிந்ததா என்றுகூட நான் பார்த்து எழுதி வைக்கவில்லை. சென்சரை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

இந்த ஆண்டு கருவி வாங்கியே ஆக வேண்டும். மூன்று வகை கண்ணில் படுகின்றன. சென்சரைத் தட்டி எழுப்ப மட்டும் செய்யும் மலிவான சிறு கருவி ஒன்று. அடுத்து ஆட்டெல் டிஎஸ்508 போன்ற நடுத்தரக் கருவி. அதற்கும் மேலே ஆட்டெக் விடி56, பார்டெக் டெக்500 போன்றவை. விலை வித்தியாசம் அதிகம். என் அளவுள்ள கராஜுக்கு எது பொருந்தும்?

உப்புச்சாலை (பிராம்டன்), அக்டோபர் 4

தம்பி, கருவியின் விளம்பரப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போன ஆண்டு அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாத வேலைச் சீட்டுகளை எடுத்து மேசையில் போடுங்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த ஆண்டு என்று கோடு போட்டு எண்ணுங்கள். உங்கள் வாசலுக்கு வருகிற வண்டிக்கு எது வேலை செய்கிறதோ அதுதான் நல்ல கருவி. மற்றவை எல்லாம் அலமாரியில் தூங்கும்.

ஏன் சொல்கிறேன் என்றால், புதிய சென்சரை வண்டிக்கு அறிமுகம் செய்யும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. மூன்று வழிகள் உண்டு.

சில வண்டிகள் ஓடும்போது தாமாகவே கற்றுக்கொள்ளும். கிரைஸ்லர், ஜீப் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். அவற்றுக்குச் சரியான சென்சரைப் பொருத்திச் சிறிது தூரம் ஓட்டிவந்தால் போதும்.

இரண்டாவது, நின்ற இடத்திலேயே கற்பிப்பது. ஜிஎம், ஃபோர்ட் வண்டிகள் இந்த வகை. ஜிஎம் வண்டியைக் கற்கும் நிலைக்குக் கொண்டுபோனால் ஹார்ன் இரண்டு முறை ஒலிக்கும். அதன் பிறகு இடது முன் சக்கரம், வலது முன், வலது பின், இடது பின் என்ற வரிசையில் ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் கருவியைப் பிடித்துச் சென்சரை எழுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் ஒருமுறை ஒலிக்கும். நீங்கள் சொன்ன மலிவான சிறு கருவி இந்த வேலைக்குப் போதும்.

மூன்றாவதில்தான் சிக்கல். ஒவ்வொரு சென்சருக்கும் உள்ள அடையாள எண்ணை ஓபிடி துளை (ஸ்டீயரிங்குக்குக் கீழே, சோதனைக் கருவியைச் செருகும் இடம்) வழியாக வண்டியின் கணினிக்குள் எழுத வேண்டும். டொயோட்டா வண்டிகளில் பெரும்பாலானவை இப்படி. நம் மக்கள் ஸ்கார்பரோவில் என்ன ஓட்டுகிறார்கள்? கொரோலா, கேம்ரி, சியன்னா, ராவ்4. உங்கள் சீட்டுகளிலும் பாதிக்குமேல் டொயோட்டாதான் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். ஓபிடி இணைப்பு இல்லாத கருவியை வாங்கினால் பாதி வண்டிகளை மறுபடி பக்கத்துக் கடைக்குத்தான் அனுப்புவீர்கள்.

உங்கள் கொரோலா சம்பவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு எரிந்தபடியே இருந்தால் காற்று குறைவு. வண்டியை இயக்கியதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டு அப்படியே நின்று எரிந்தால் அமைப்பிலேயே கோளாறு. 2014 வண்டி என்றால் சென்சருக்கு வயது பத்தை நெருங்கியிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். சென்சருக்குள் இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாது, சீல் வைத்து மூடியிருக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். உங்கள் கையில் அது இறந்திருக்க வாய்ப்பு குறைவு. முன்பே இறந்துகொண்டிருந்தது. நீங்கள் கொடுத்தது அதன் ஈமச்செலவு.

ஆகவே எந்தக் கருவி வாங்கினாலும் முதல் நாளிலிருந்து ஒரு பழக்கம் வேண்டும். சக்கரத்தில் கை வைப்பதற்கு முன், வண்டி இன்னும் தரையில் நிற்கும்போதே, நான்கு வால்வுகளையும் சுற்றி வந்து நான்கு சென்சர்களும் பதில் சொல்கின்றனவா என்று பாருங்கள். எண், அழுத்தம், பேட்டரி நிலை மூன்றையும் சீட்டில் எழுதுங்கள். பதில் சொல்லாத ஒன்று இருந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அவர் கண்ணெதிரே காட்டுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

மொன்றியல் முன்மேசை, அக்டோபர் 5

உப்புச்சாலை அண்ணா கடைசியில் சொன்னதை நான் முதலில் வைப்பேன். எங்கள் குடும்பக் கராஜில் வாடிக்கையாளரிடம் பேசுவது, சீட்டு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. வாடிக்கையாளரின் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வதும் நான்தான். முன்சோதனை வரும் முன் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது நான்கைந்து சண்டை இருக்கும். இப்போது சீட்டில் நான்கு கட்டங்கள் அச்சடித்து வைத்திருக்கிறோம். கட்டம் நிரம்பாமல் வண்டி லிஃப்டில் ஏறாது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். அதனால் நவம்பர் கடைசி வாரத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நெரிசலில் எங்களைக் காப்பாற்றியது நகலெடுக்கும் வசதிதான்.

பலர் பனிக்கால டயரைத் தனி ரிம்மில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ரிம்களில் சென்சர் வைக்கும்போது புதிய எண் கொடுக்காதீர்கள். கோடைக்கால சென்சரின் எண்ணையே நகலெடுத்து எழுதுங்கள். வண்டிக்கு வித்தியாசம் தெரியாது. நவம்பரில் மாற்றினாலும் ஏப்ரலில் திருப்பினாலும் மறுபடி கற்பிக்க வேண்டியதில்லை. டொயோட்டா வண்டிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஓபிடி கம்பியைச் செருகும் வேலை மிச்சம். கோடைக்கால சென்சர் இறந்துபோயிருந்தால்கூட, நல்ல கருவி பல வண்டிகளில் கணினியிலிருந்தே பழைய எண்ணைப் படித்து எழுதிக் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே எண்ணில் இரண்டு சென்சர்கள் உயிரோடு இருக்கும். கழற்றிய சக்கரங்களை வண்டியின் டிக்கியிலேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப்போகிறவர்களுக்கு விளக்கு குழம்பலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய சாவி (மிசிசாகா), அக்டோபர் 5

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்களுக்கு இந்த அமைப்பு கட்டாயம். கனடாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அமெரிக்காவுக்குத் தயாரித்த வண்டியே இங்கும் வருவதால் சென்சரும் கூடவே வருகிறது. என் வாடிக்கையாளர்களில் பலர் பனிக்கால ரிம்மில் சென்சர் வைப்பதே இல்லை. ஐந்து மாதம் விளக்கு எரிகிறது, ஏப்ரலில் அணைகிறது. நான்கு சென்சர்களுக்குச் செலவழிக்க முடியாத குடும்பங்கள் அவை. இரண்டு லிஃப்ட் கராஜ் ஏன் இதில் பணம் போட வேண்டும்? அந்தப் பணத்தில் நல்ல பேலன்சிங் இயந்திரம் வாங்கலாம்.

உப்புச்சாலை, அக்டோபர் 5

பழைய சாவி அண்ணா, உங்கள் வாடிக்கையாளரின் பணக்கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. சட்டம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஐந்து மாதம் எரிகிற விளக்கை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் என் கவலை.

மூன்று குளிர்காலங்களுக்கு முன் ஒரு வேன் இழுவை வண்டியில் என்னிடம் வந்தது. பனிக்கால ரிம்மில் சென்சர் இல்லை, விளக்கு நவம்பரிலிருந்து எரிகிறது. பின் சக்கரத்தில் ரிம் விளிம்பு துருப்பிடித்து மெதுவாகக் காற்று கசிந்திருக்கிறது. 401 நெடுஞ்சாலையில் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிட்டது. உள்ளே இரண்டு பிள்ளைகள். யாருக்கும் காயமில்லை. அந்த டயரை உருவியபோது உள்ளே கறுப்புத் தூள் கைநிறைய வந்தது. இன்றைக்கும் அது கண்ணில் நிற்கிறது.

இந்த அமைப்பு எப்படிப் பிறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஃபயர்ஸ்டோன் டயர் பொருத்திய ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்த பிறகுதான் அமெரிக்கா 2000-இல் டிரெட் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியே இந்த விளக்கு. பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி.

நம் ஊர்க் குளிரையும் கணக்கில் எடுங்கள். கராஜுக்குள் 20 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடிக்கிறோம். வெளியே மைனஸ் 20 வரும் காலையில் அதே டயரில் 26, 27 தான் இருக்கும். ஓட்டையே வேண்டாம், குளிரே அவ்வளவு எடுத்துக்கொள்கிறது. அவசரத்தில் 31-இல் நிறுத்தியிருந்தால் ஜனவரியில் விளக்கு எரிந்துவிடும். வாடிக்கையாளர் சென்சர் கெட்டுவிட்டது என்று வருவார். கையில் கருவி இருந்தால் உயிருள்ள சென்சர் என்று காட்டி, காற்றை நிரப்பி அனுப்பலாம். இல்லையென்றால் அவர் வேறெங்கோ போய்த் தேவையில்லாமல் நான்கு சென்சர் வாங்குவார்.

பழைய சாவி, அக்டோபர் 6

அந்தக் கறுப்புத் தூளை நானும் பார்த்திருக்கிறேன். சென்சர் வைக்காதவர்களுக்குக் குறைந்தபட்சம் கையடக்க அழுத்தமானி ஒன்று கொடுத்து, மாதம் இருமுறை பார்க்கச் சொல்கிறேன். அதை இன்னும் அழுத்திச் சொல்வேன். கருவி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், சோதனைக்காகவாவது ஒன்று வேண்டும்.

இரண்டு லிஃப்ட், அக்டோபர் 6

சீட்டுகளை எண்ணிவிட்டேன். போன பருவத்தில் 212 வண்டிகள். அவற்றில் 97 டொயோட்டா, லெக்சஸ். 38 ஹோண்டா. மற்றவை ஹூண்டாய், கியா, நிசான், கொஞ்சம் ஜிஎம், ஃபோர்ட். மூன்று டெஸ்லா. பாதிக்குச் சற்றுக் குறைவு, உப்புச்சாலை அண்ணா பந்தயத்தில் தோற்றுவிட்டார், ஆனால் கருத்தில் வென்றுவிட்டார். ஓபிடி இல்லாத கருவியை ஒதுக்கிவிட்டேன்.

இனி நடுத்தரக் கருவிக்கும் விலை உயர்ந்த கருவிக்கும் இடையேதான் தேர்வு. சில கருவிகள் தங்கள் கம்பெனி சென்சரில் மட்டுமே எண் எழுதும் என்று கேள்விப்பட்டேன். அது எவ்வளவு பெரிய தடை?

மொன்றியல் முன்மேசை, அக்டோபர் 6

தம்பி, இதை நன்றாக யோசியுங்கள். கருவியை ஒருமுறை வாங்குகிறீர்கள், சென்சரை ஒவ்வொரு வாரமும் வாங்குவீர்கள். பிற்காலச் செலவு அங்கேதான்.

ஆட்டெல் டிஎஸ்508 எந்தக் கம்பெனி சென்சரையும் படிக்கும், எழுப்பும். ஆனால் வெற்றுச் சென்சரில் எண் எழுத வேண்டுமென்றால் ஆட்டெலின் எம்எக்ஸ் சென்சர்தான் வேண்டும். ஆட்டெக், பார்டெக் கருவிகள் பல கம்பெனிகளின் வெற்றுச் சென்சர்களில் எழுதும். பல கிளைகள் உள்ள டயர் கடைக்கு அந்தச் சுதந்திரம் பெரிது, மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கலாம். இரண்டு லிஃப்ட் கராஜுக்கு ஒரே வகைச் சென்சரை அலமாரியில் வைப்பது ஒருவகையில் நிம்மதி. உங்கள் பகுதியில் உதிரிபாகம் கொண்டுவந்து தருபவரிடம் எந்தச் சென்சர் எப்போதும் இருக்கிறது என்று கேளுங்கள். நவம்பர் 25 அன்று காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் பதினோரு மணிக்கு வருமா? அந்தப் பதிலே கருவியைத் தீர்மானிக்கட்டும்.

சென்சர் வாங்கும்போது 315, 433 மெகாஹெர்ட்ஸ் இரண்டிலும் பேசக்கூடியதை வாங்குங்கள். வட அமெரிக்க வண்டிகளில் இரண்டும் கலந்து ஓடுகின்றன. முன்பு இரண்டு பெட்டிகள் வைத்திருந்து தவறானதை எடுத்துப் பொருத்தி, டயரை மறுபடி கழற்றிய நாட்கள் உண்டு.

புதுப்பிப்புக்கு எவ்வளவு காலம் பணம் கேட்க மாட்டார்கள், அதன்பின் ஆண்டுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பாவுக்கோ ஆசியாவுக்கோ உரிய கருவியைக் குறைந்த விலைக்கு இணையத்தில் விற்கிறார்கள். என் தம்பி அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தான். கனடா வண்டிகளின் பட்டியல் அதில் அரைகுறையாக இருந்தது, விற்றவர் பதிலே சொல்லவில்லை.

உப்புச்சாலை, அக்டோபர் 7

அக்கா சொன்னதோடு மூன்று சிறு விஷயங்கள். உங்கள் 38 ஹோண்டாக்களில் புதியவை பலவற்றில் சக்கரத்துக்குள் சென்சரே இருக்காது. ஏபிஎஸ் பிரேக் அமைப்பு தரும் சக்கர வேகங்களை ஒப்பிட்டுத்தான் காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும். அவற்றில் சரியான காற்றை அடித்துவிட்டுத் திரையில் உள்ள பட்டியலில் அளவீட்டை மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. வால்வில் கருவியை வைத்துப் பதில் வரவில்லையே என்று சென்சருக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

சில டொயோட்டா வண்டிகளில் உதிரிச் சக்கரத்திலும் ஐந்தாவது சென்சர் இருக்கும். நான்கும் நன்றாக இருந்து விளக்கு சிமிட்டினால் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். நான் ஒருமுறை அரைநாளைத் தொலைத்துவிட்டுத்தான் குனிந்தேன்.

டெஸ்லாவின் அண்மைய மாடல் 3, மாடல் ஒய் வண்டிகளில் புளூடூத் சென்சர். பழைய கருவிகள் அதோடு பேசாது. மூன்று வண்டிக்காக இன்றே விலை கூட்ட வேண்டாம், ஆனால் அந்த எண்ணிக்கை வளரும் என்பதை நினைவில் வையுங்கள்.

கொங்குச் சக்கரம் (கோவை), அக்டோபர் 9

இழையை முழுவதும் படித்தேன். கோவையில் அலைன்மென்ட், டயர் கடை வைத்திருக்கிறேன். பனிக்காலம் இல்லாத ஊர் என்றாலும் இந்தக் கேள்வி இப்போது எங்களுக்கும் வந்துவிட்டது. சென்சரும் டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் 3.5 டன் வரையிலான வண்டிக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தினார்கள். ஸ்டெப்னி இல்லாத காரில் விளக்கின் மதிப்பே வேறு.

க்ரெட்டா, செல்டோஸ் உயர் ரகங்களில் ஹைலைன் என்ற பெயரில் ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தமும் திரையில் வருகிறது. டாடா ஐ-டிபிஎம்எஸ் என்று சொல்வது சென்சர் இல்லாத மறைமுக முறை. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு வருகிற பெரிய தொல்லை உடைந்த சென்சர். நெடுஞ்சாலையோரத்தில் மஷ்ரூம் பேட்ச் (டயரின் உள்ளிருந்து போடும் பஞ்சர் ஒட்டு) போட டயரைக் கழற்றும்போது, வால்வுக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்திருப்பது தெரியாமல் கடப்பாரையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒட்டியவரைக் குறை சொல்லி என்ன பயன், யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கேள்வி: கனடாவில் நீங்கள் சொல்லும் கருவி இங்கே வேலை செய்யுமா?

மொன்றியல் முன்மேசை, அக்டோபர் 9

அண்ணா, அதே பெயருள்ள வண்டி என்றாலும் நாட்டுக்கு நாடு சென்சர் மாறலாம். இந்தியாவில் 433 மெகாஹெர்ட்ஸ். இந்தியச் சந்தைக்கான பட்டியல் உள்ள கருவியைத்தான் வாங்க வேண்டும். விற்பவர் கடைக்கே வந்து, உங்கள் வாசலில் நிற்கும் ஒரு க்ரெட்டாவில் படித்துக் காட்டட்டும். வெற்றுச் சென்சரில் எழுதி, வண்டி அதை ஏற்றுக்கொள்வதையும் காட்டட்டும். படிப்பதைப் பெரும்பாலான கருவிகள் செய்யும், அதைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

கொங்குச் சக்கரம், அக்டோபர் 10

நல்ல யோசனை. அப்படியே செய்கிறேன். என் கடைப் பையன்களுக்கு நேற்றே ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன்: உலோக வால்வைக் கண்டால், டயரைக் கழற்றும் முன் என்னைக் கூப்பிட வேண்டும்.

உப்புச்சாலை, அக்டோபர் 10

ரப்பர் வால்வுக்குப் பின்னாலும் சென்சர் உண்டு. உலோகத்தை மட்டும் பார்க்கச் சொன்னால் பாதி தப்பிவிடும். திரையில் அழுத்தம் காட்டும் வண்டி எல்லாவற்றிலும் இருக்கிறது என்றே எண்ணிக் கழற்றச் சொல்லுங்கள்.

இரண்டு லிஃப்ட், நவம்பர் 2

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். எனக்கு உதிரிபாகம் தருபவரிடம் எம்எக்ஸ் சென்சர் எப்போதும் கையிருப்பில் இருக்கிறது. அதனால் டிஎஸ்508 வாங்கினேன். அக்காவிடம் கேட்டு நான்கு கட்டங்கள் போட்ட சீட்டும் அச்சடித்துவிட்டேன்.

முதல் வாரத்தில் 31 வண்டிகள் சோதித்தோம். ஆறு வண்டிகளில் குறைந்தது ஒரு சென்சர் பதில் சொல்லவில்லை. ஆறு பேரையும் வெளியே அழைத்து, சக்கரத்தைத் தொடும் முன் காட்டினேன். நான்கு பேர் அன்றே மாற்றச் சொன்னார்கள். ஒருவர் ஏப்ரலில் பார்க்கலாம் என்றார், சீட்டில் கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் போன ஆண்டுக் கொரோலாக்காரர். இப்போது அவருடைய இடது பின் சென்சர் இறந்திருக்கிறது. கருவியின் திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போன ஆண்டுச் சென்சருக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டார். அந்தப் பணத்தை நான் வாங்கவில்லை.

ஒரு சந்தேகம். 2013 வேன் ஒன்றில் அலுமினிய வால்வின் உள் ஊசி துருவேறி, திருகும்போதே வால்வுத் தண்டோடு முறிந்துவிட்டது. ஏன்?

உப்புச்சாலை, நவம்பர் 2

யாரோ முன்பு பித்தளை ஊசியைப் போட்டிருக்கிறார்கள். அலுமினியமும் பித்தளையும் சாலை உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பித்தளை அலுமினியத்தைத் தின்னும். நிக்கல் பூசிய ஊசி மட்டும் போடுங்கள். உலோக மூடியும் வேண்டாம், உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடி போதும். டயர் கழற்றும்போதெல்லாம் நட்டு, சீல், ஊசி, மூடி நான்கையும் புதிதாக மாற்றுங்கள். நட்டைக் கைக்கணக்கில் முறுக்காமல் இன்ச்-பவுண்டு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். அந்த வேனின் மற்ற மூன்று வால்வுகளையும் நாளைக்கே பாருங்கள், அவற்றிலும் அதே ஊசிதான் இருக்கும்.

இரண்டு லிஃப்ட், நவம்பர் 3

பார்த்தேன் அண்ணா. மூன்றிலும் பித்தளைதான். நான்கு சென்சர்களுக்கும் சொல்லியாயிற்று, பதினோரு மணிக்கு வருகின்றன.